பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்

நாம் சேர்ந்து வேலை பார்த்த ஆயர் குரோ பட்டறையில், தண்ணீர் வடிகட்டிக்கு மேலே, மஞ்சளேறிய அட்டை ஒன்று ஆணியில் தொங்குகிறதே, பார்த்திருப்பீர்கள். "முதலில் கேள். பிறகு கழற்று." எழுதியவர் என் முதலாளி, நானா என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர். உங்களில் பாதிப் பேர் அதைப் பாதுகாப்பு விதி என்று நினைத்தீர்கள். ஒருவர் அதன் கீழே பென்சிலால் "செருப்பையா?" என்றும் எழுதிவைத்தார். நான் அழிக்கவில்லை. நல்ல கேள்விதான்.

நான் விடைபெற்ற அன்று கேக் வெட்டும்போது கேட்டீர்கள்: "அக்கா, இத்தன வருசத்துல நீங்க பண்ணின பெரிய தப்பு என்ன?" வாயில் கேக் இருந்தது. சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்புவது எனக்கு நன்றாக வரும். அந்த அட்டை அங்கே தொங்குவதே நான் ஒருமுறை மிக நன்றாக மழுப்பியதால்தான்.

நான் மின்னணுத் தொழிற்சாலையிலிருந்து வந்தவள். நான்கு ஆண்டுகள் நுண்நோக்கியில் கண்ணைப் பதித்து, மயிரிழைக் கால்களுக்கு ஈயம் வைத்தவள். ஒரு நாள் தலையைத் தூக்கினால் உலகம் முழுக்க மங்கலாகத் தெரிந்தது. போதும் என்று மலாக்காவின் காஜா பெராங் சாலையில் நானாவின் பட்டறைக்கு வந்துவிட்டேன். டயர் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை. காசு போட்டு விளையாடும் வீடியோ விளையாட்டு மெசின்களின் மின்சுற்று போர்டுகளைப் பழுது பார்ப்பது எங்கள் தொழில். நானாவின் முழுப்பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சீனர், மலாய்க்காரர், போஸ்ட்மேன் எல்லோருக்கும் அவர் நானாதான். பட்டறையில் எப்போதும் எங்காவது ஒரு விண்கலம் வெடித்துக்கொண்டிருக்கும். எவனாவது எவனையாவது உதைத்துக்கொண்டிருப்பான். அந்த இரைச்சலுக்குள் நாங்கள் தேநீர் குடித்தோம்.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. எந்த போர்டு மேசைக்கு வந்தாலும் முதல் வேலை, அதில் பேட்டரி இருந்தால் பிடுங்குவது. பழைய போர்டுகளில் பேட்டரிக்கு ஒரே ஒரு கடமைதான்: யார் அதிகப் புள்ளி எடுத்தார் என்பதை நினைவில் வைத்திருப்பது. வயதானால் அது கசியும். கசிந்த உப்பு செம்புக் கோடுகளைத் தின்னும். மலாக்காவின் கடற்காற்று அந்தச் சாப்பாட்டுக்குக் குழம்பு ஊற்றும். எத்தனையோ நல்ல போர்டுகள் அப்படிப் பச்சை பூத்துச் செத்ததைப் பார்த்துச் சலித்த நானா சொல்வார்:

"மொத சொத்தப் பல்லப் புடுங்கு. அப்புறம் வாயப் பாரு."

நல்ல பழக்கம். கைக்கு இனிய பழக்கம். சிந்திக்காமல் செய்யக்கூடியது. ஆபத்து அங்கேதான் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தேவகி ஆன்ட்டி ஒரு போர்டைப் பாத்தேக் என்னும் மெழுகுச்சாயத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழர் வாழும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். மலாய்ப் பெண்கள்போலக் கெபாயாச் சட்டை, சாரோங்; நெற்றியில் திருநீறு. அவர்கள் வீட்டு மொழி மலாய். தமிழ் ஓரிரண்டு சொற்களாக மட்டும் மிஞ்சியிருந்தது. நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். வீட்டின் முன்னறையில் நான்கு மெசின்கள் வைத்திருந்தார். மூன்று சும்மா நின்றன. நான்காவது, சண்டை விளையாட்டு. பள்ளி விட்டதும் பையன்கள் அதன் முன்தான் வரிசை கட்டுவார்கள். அந்த வரிசைதான் அவர் வீட்டு அரிசி.

"சத்தம் மட்டும் வரல," என்றார். "அடி விழுது, உதை விழுது. ஒருத்தனும் அலற மாட்டேங்கிறான். பசங்களுக்குப் புடிக்கல லா."

"சாயந்தரம் வாங்க ஆன்ட்டி."

சத்தத்தைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. உப்பிப்போன ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்பே, துணியைப் பிரித்த அதே மூச்சில், என் கை தன் பழக்கத்தைச் செய்து முடித்திருந்தது. பேட்டரி குப்பைத் தொட்டியில் கிடந்தது.

மின்சாரம் கொடுத்தேன். திரையில் வண்ணக் குப்பை. மறுபடி கொடுத்தேன். அதே குப்பை, அசையாமல். பேட்டரியைத் தொட்டியிலிருந்து எடுத்து மறுபடி ஒட்டினேன். இறந்தவர் கையில் கடிகாரம் கட்டிவிடுவதுபோல.

நானா எட்டிப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. அதில் உண்மை சொல்ல இடமும் இருந்தது. நான் சொன்னேன்: "வரும்போதே உள்ளுக்குள்ள போயிருக்கு நானா. சத்தம் போனது அதோட ஆரம்பம்தான்."

அவர் நம்பினார். ஆன்ட்டியும் நம்பினார். போர்டை அதே துணியில் சுற்றிக்கொண்டு, "நீ முயற்சி பண்ணே இல்ல, போதும்," என்று சொல்லி, பண்டான் இலை வாசத்தோடு ஒரு பொட்டலம் பலகாரத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பலகாரம் எங்கே போனது என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. நான் சாப்பிடவில்லை.

என்ன நடந்தது என்பது அடுத்த வாரம்தான் புரிந்தது. கோலாலம்பூரில் மெசின் விற்கும் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் சிரித்தார். "பேட்டரியக் கழட்டிட்டீங்களா?"

"இல்லையே," என்றேன். இரண்டாவது பொய். முதலாவது பொய்க்குத் துணைக்கு ஆள் வேண்டுமே.

அவர் விளக்கியதை நீங்கள் இப்போது வகுப்பிலேயே படித்துவிடுகிறீர்கள். எனக்கு அன்று புதிது. விளையாட்டின் நிரல் சில்லுகளில் இருக்கிறது. சில்லை யாரும் நகலெடுக்கலாம். அந்நாளில் கள்ள போர்டுகள் சந்தையில் மீன்போல விற்றன. அதனால் தயாரித்தவர்கள் நிரலைச் சங்கேதமாக மாற்றி, எழுத்துகளைக் கலைத்துச் சில்லில் வைத்தார்கள். கலைந்ததைச் சேர்த்துப் படிக்கும் சாவி, செயலிக்குள்ளேயே ஒரு சிறிய நினைவகத்தில். அந்த நினைவகத்துக்கு உயிர், பேட்டரி. சில்லை நகலெடுத்தவனுக்குக் கிடைப்பது அர்த்தமற்ற எழுத்துக் குவியல். செயலியைத் தோண்டிப் பார்ப்பவன் மின்னோட்டத்தை அறுத்துவிடுவான். அந்தக் கணமே சாவி தன்னை மறந்துவிடும். திருடனுக்கு விரித்த வலை. அதில் வைத்தியச்சியாகிய நான் போய் விழுந்தேன்.

இன்னொன்றும் அவர் சொன்னார். யாரும் தொடாவிட்டாலும் சில ஆண்டுகளில் பேட்டரி தானே தீரும். அன்றைக்கும் சாவி போகும். அந்த விளையாட்டுகளெல்லாம் நெஞ்சில் ஒரு மணற்கடிகாரத்தோடு பிறந்தவை.

இதற்கிடையில் தேவகி ஆன்ட்டி, தெங்கேராவில் மூடிய ஒரு கடையிலிருந்து அதே விளையாட்டின் இன்னொரு போர்டை எப்படியோ வாங்கிவிட்டார். பையன்கள் திரும்ப வந்தார்கள். "இதுவும் போச்சுன்னா கடைய மூடிட்டு என் மச்சான் சாப்பாட்டுக் கடையில தட்டு கழுவப் போயிடுவேன்," என்று நானாவிடம் சொன்னாராம். நானா அதை வேடிக்கையாகத்தான் என்னிடம் சொன்னார். நான் மீட்டரைத் தேடி எடுத்துவைத்தேன்.

அந்த வழியாகப் போகும் சாக்கில் ஒரு நாள் மீட்டரோடு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். மூன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டிய பேட்டரி இரண்டரைக்கும் கீழே நின்றது. இன்றோ, ஒரு மாதம் கழித்தோ தீர்ந்துவிடும்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டிருக்கலாம். பேட்டரி தானே தீர்ந்து போர்டு செத்தால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. நான் கை வைத்து அது செத்தால், இரண்டு சாவுகளும் என் கையில். தொடாமலிருப்பது எப்போதும் சுத்தமாகத் தெரியும். அந்தச் சுத்தத்தை நம்பாதீர்கள்.

பேட்டரி தீரப்போகிறது, மாற்ற வேண்டும் என்று சொன்னேன். ஆன்ட்டி மெசின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பட்டறைக்கு அனுப்ப மாட்டேன். இங்க, என் கண்ணு முன்னால செய்."

மெர்டேக்காவுக்கு முந்திய நாள் மதியம், நானாவும் நானும் போனோம். மறுநாள் சுதந்திர தினம், பள்ளி விடுமுறை. பையன்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். காஜா பெராங் சாலை முழுக்கக் கொடி. விளக்குச் சரம் கட்டும் ஆட்கள் ஏணிகளோடு கம்பம் கம்பமாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கோலாலம்பூர்க்காரர் சொன்ன சாவிக் கதையை நானாவிடம் சொல்லியிருந்தேன்; முதல் போர்டின் கதையை அல்ல. அவருக்கு அவசரம். "கரண்டு போட்டு வெச்சே மாத்திடும்மா. மெசின் ஓடுற வரைக்கும் சாவிக்குக் கரண்டு அதுலேருந்து போயிடும்ல. பழசக் கழட்டு, புதுசப் போடு, முடிஞ்சிச்சு."

சரியான வழிதான். கோலாலம்பூர்க்காரரும் அதையே சொல்லியிருந்தார். நானும் சுவிட்சின் மேல் விரலை வைத்துவிட்டேன். அப்போது கூரை விசிறி ஒரு கணம் தயங்கிச் சுற்றியது. விளக்கு மங்கி மறுபடி தெளிந்தது. வெளியே ஏணியில் ஒருவன் இன்னொருவனை ஏசினான்.

விரலை எடுத்துவிட்டேன்.

"வேணாம் நானா. ஆஃப் பண்ணியே செய்றேன். புதுசப் பழசோட சேர்த்து ஒட்டிட்டு அப்புறமா பழச எடுக்கிறேன்."

"டபுள் வேல."

"ஒரு தாதி வந்து உக்காந்த பெறகுதான் இன்னொருத்தி எந்திரிக்கணும்."

"கவித பாடாத. செய்."

போர்டைக் கழற்றி, பலகார மேசையில் துணி விரித்துக் கவிழ்த்தேன். ஆன்ட்டி எதிரே அமர்ந்து பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டார். புதிய பேட்டரியின் முதல் கால் சரியாக ஒட்டியது. இரண்டாவது காலைப் பழைய காலின் பக்கத்தில் வைத்து, சோல்டர் அயனால் தொட்டேன்; ஈயம் இளகத் தொடங்கியது. அந்தச் சூட்டில், உள்ளே துருப்பிடித்திருந்த பழைய பேட்டரியின் கால் பட்டென்று முறிந்து விலகியது.

அதே நேரம் மின்சாரம் போனது.

கூரை விசிறி ஓய்ந்தது. மூன்று மெசின்களும் அணைந்தன. தெரு முழுக்க "ஓ" என்று ஒரு பெருமூச்சு. என் கையில் அயன் ஆறிக்கொண்டிருந்தது. ஈயம் மங்கலாக, பாதி இளகிப் பாதி உறைந்து, பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று தெரியாத நிலையில். பழைய தாதி போய்விட்டாள். புதியவள் உட்கார்ந்தாளா என்று தெரியவில்லை. போர்டுகளைக் குத்திப் பார்க்க நான் எப்போதும் இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சிதான் வைத்திருப்பேன்; மூங்கிலில் மின்சாரம் ஓடாது. அந்தக் குச்சியால் புதிய காலைத் தளத்தோடு அழுத்தினேன். அழுத்திய கையை எடுக்க முடியவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஆனால் மீட்டரை எடுக்கக் கை வேண்டும், கை அசைந்தால் குச்சி அசையும்.

நானா எழுந்தார். "நான் போயி அந்த ஆளுங்களப் பாக்கிறேன். நீ அசையாத." தெருவில் அவர் மூன்று மொழிகளில் ஏசுவது கேட்டது.

அறையில் நாங்கள் இருவர். குச்சி முனையில் ஒருவருடைய பிழைப்பு. மெசினை ஓடவிட்டே மாற்றியிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்ற நினைப்பு முதலில் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது: இது செத்தால் நான் என்ன சொல்வேன்? வாக்கியம் தயாராக இருந்தது. "கரண்டு போயிடுச்சு ஆன்ட்டி, என் மேல தப்பில்ல." அது எவ்வளவு சுலபமாக, எவ்வளவு வழவழப்பாக நாக்கில் வந்து நின்றது என்பதைப் பார்த்துப் பயந்தேன். மின்சாரத்துக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

"ஆன்ட்டி, அந்த மொத போர்டு தானாச் சாகல."

ஆன்ட்டியின் பனையோலை விசிறி அசைந்துகொண்டிருந்தது. "ம்."

"நான்தான் கொன்னேன். பேட்டரியக் கழட்டிட்டேன். தெரியாமத்தான் கழட்டினேன். ஆனா பொய்யத் தெரிஞ்சேதான் சொன்னேன்."

விசிறி நின்றது. வெளியே ஏணி சரியும் சத்தம். நான் குச்சியின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெற்றியிலிருந்து ஒரு துளி மூக்கு வரை வந்து நின்றது.

விசிறி மறுபடி அசைந்தது. இப்போது என் முகத்துக்கு.

"வேர்வ போர்டுல விழப்போவுது," என்றார். பிறகு, "ஏன் இப்பச் சொல்ற? நான் அடிக்கக்கூட முடியாது. உன் கை என் சோத்துல இருக்கு."

"இது செத்தா மறுபடி பொய் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு."

"செத்தா நீயும் வா. மச்சான் கடையில நீ தட்டக் கழுவு, நான் தொடைக்கிறேன்."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரித்தால் குச்சி ஆடும்.

"அந்த மொத போர்டுல இருந்ததெல்லாம் அழிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி. ஒரு எழுத்தும் அழியல. எல்லாம் அப்படியே இருக்கு. படிக்கிற சாவிதான் போச்சு."

"அப்ப எங்க தாத்தா காகிதம் மாதிரி." சாமி அறையைக் கண்ணால் காட்டினார். "கண்ணாடி போட்டு மாட்டியிருக்கோம். தமிழ். வீட்ல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. மந்திரம். பொங்கலுக்குப் பொங்கல் சாம்பிராணி காட்டுறோம்."

"யார்கிட்டயும் கேக்கலையா?"

"வீட்டு மந்திரத்த வெளியாளுக்குக் காட்டுவாங்களா லா?"

அரை மணி இருக்கும். என் தோள் என்னுடையதாக இல்லை. ஒருமுறை அவர் எழுந்து வந்து என் முழங்கைக்குக் கீழே மடித்த துணியை வைத்துவிட்டுப் போனார். அதுபோல ஒரு தலையணை எனக்கு அப்புறம் வாய்த்ததில்லை.

கூரை விசிறி சுற்றத் தொடங்கியது. மூன்று மெசின்கள் ஒரே நேரத்தில் பாடின. அயன் சூடாகும்வரை எண்ணினேன், நூற்றெழுபது வரை. ஈயத்தைத் தொட்டேன். இளகி, பளபளத்து, கால் உட்கார்ந்தது. பழைய பேட்டரியின் மிச்சக் காலை எடுத்தேன். போர்டைப் பொருத்தினேன். நானா வாசலிலேயே நின்றுவிட்டார். சுவிட்சை ஆன்ட்டியே போட்டார்.

திரை கறுப்பாக இருந்தது. ஒரு நொடி. இரண்டு. முதல் போர்டின் வண்ணக் குப்பை என் கண்ணுக்குள் அதற்குள்ளேயே வந்துவிட்டது. பிறகு ஒரு வெள்ளைக் கோடு, எண்கள், அப்புறம் நிலா, கோட்டை, இரண்டு முரடர்கள். ஒருவன் இன்னொருவனை உதைத்தான். அவன் அலறினான்.

அவ்வளவு அழகான அலறலை நான் கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிமெண்டு குளிர்ச்சியாக இருந்தது. நானா ஏதோ சொன்னார், ஆன்ட்டி ஏதோ சொன்னார், எனக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. உடம்பு முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்த ஏதோ ஒன்று, எந்த முனையை இழுத்தோம் என்று தெரியாமலே அவிழ்ந்துகொண்டிருந்தது.

திரும்பும் வழியில் நானாவிடமும் சொன்னேன். ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பல்லப் புடுங்கச் சொன்னவன் நான்," என்றார். "கழட்டினது பாதி என் பேர்ல எழுதிக்க. பொய் முழுசும் உன்னுது. அதுல எனக்குப் பங்கு வேணாம்."

அடுத்த வேலை நாளில் அட்டை சுவரேறியது; பட்டறை ஆயர் குரோவுக்கு மாறியபோது அதுவும் கூடவே வந்தது. பிறகு எந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தாலும், அது எப்போது பொருந்தாது என்பதையும் சேர்த்தே நானா சொல்லத் தொடங்கினார். இது எனக்குக் கிடைத்த தண்டனையைவிடப் பெரிய விஷயம் என்று இப்போது நினைக்கிறேன்.

தண்டனை இருந்தது. மெர்டேக்கா கழிந்து இரண்டாம் நாள் ஆன்ட்டி என்னைச் சாமி அறைக்கு அழைத்துப்போனார். கண்ணாடிச் சட்டத்தைக் கையில் கொடுத்தார்.

"இதப் படி. பொய் சொல்லாமப் படி."

பழைய கையெழுத்துத் தமிழ், மை பழுத்திருந்தது. முதல் வரி படித்ததும் புரிந்துவிட்டது. மந்திரமில்லை. யாரோ ஒரு நண்பர் தாத்தாவுக்கு எழுதிய கடிதம். ஆன்ட்டி முகத்தைப் பார்த்தேன். தலைமுறைகளின் சாம்பிராணி அந்தக் கண்ணாடியில் படிந்திருந்தது. ஒரு சின்ன, அன்பான பொய் போதும். நாக்கு உடனே கொண்டுவந்து கொடுத்தது. நான் அதை விழுங்கிவிட்டு, வரி வரியாக மலாயில் மாற்றிப் படித்தேன்:

"நலம், நலமறிய ஆவல். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிப்போன என் பித்தளை அண்டாவை இன்னும் காணோம். ஓட்டை விழுந்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடவும்."

ஆன்ட்டி மெதுவாகத் தலையைத் திருப்பிச் சமையலறையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில், புளிபோட்டுத் துலக்கிய ஒரு பித்தளை அண்டா பொன்போல நின்றது.

"ஓட்டை இல்ல," என்றார்.

அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் முன்னறைப் பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். காகிதம் மறுபடி சுவரேறியது. அடுத்த பொங்கலுக்கும் சாம்பிராணி உண்டு. "அண்டாவுக்கும் சேர்த்துக் காட்டுறேன்," என்றார்.

இதை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் போன ஆண்டு உங்களில் ஒருவர் என் மேசைக்கு வந்து, "அக்கா, அந்தக் காலத்துச் சாவியெல்லாம் கண்டுபுடிச்சிட்டாங்க. செத்த போர்டுல திருப்பி எழுதலாம்," என்றீர்களே, நினைவிருக்கிறதா? நான் பதில் சொல்லாமல் காருக்குப் போய்விட்டேன். முரட்டுத்தனம் என்று நினைத்திருப்பீர்கள். காஜா பெராங்குக்கு, தேவகி ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன்.

ஆன்ட்டிக்கு இப்போது கண் தெரிவதில்லை. முன்னறையில் ஒரே ஒரு மெசின், ஓடாமல், துணி போர்த்தி. முதல் போர்டு சாமி அறை அலமாரியில், அதே பாத்தேக் துணியில் இருந்தது. கொண்டுவந்தேன். புதிய பேட்டரி, நீங்கள் கொடுத்த சாவி. மறுநாள் கொண்டுபோய் மெசினில் பொருத்தினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வந்துச்சா?"

"வந்துருச்சு ஆன்ட்டி. நிலா, கோட்டை, எல்லாம்."

அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று பத்து நிமிடத்தில் நான் மாற்றிய அந்த மின்தேக்கி சத்தத்தைத் திருப்பித் தந்ததா என்று யாரும் காதால் கேட்டதே இல்லை.

ஒருவன் உதைத்தான். இன்னொருவன் விழுந்தான்.

"ஆ," என்றார் ஆன்ட்டி. "இப்ப அலறுறான்."